கடலுக்குக் கீழே ஒரு நாடு



நம் தோட்டப்புறங்களில் வீட்டுக் கொல்லையில் முள்சீத்தா மரம் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் பழத்தை மலாய்க்காரர்கள் 'டுரியான் பெலாண்டா' என்று அழைக்கின்றனர். வான்கோழிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆயாம் பெலாண்டா'. அந்தப் பழமும் அந்தக் கோழியும் உண்மையில் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியவை. ஆனாலும் கடல் கடந்து வந்த பொருள் என்பதால் 'பெலாண்டா' என்ற அடைமொழி அவற்றோடு ஒட்டிக்கொண்டது. யார் இந்தப் பெலாண்டா? தமிழில் ஒல்லாந்தர் என்றும் டச்சுக்காரர் என்றும் நாம் சொல்கிறோமே, அவர்கள்தாம்.

1641ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். இடையில் ஆங்கிலேயர் வசம் இருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1825 வரை அந்த நகரம் அவர்கள் கையில் இருந்தது. மலாக்காவுக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் செந்நிறக் கட்டடமும், அதன் அருகே 1753இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயமும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. அந்தக் கட்டடங்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவற்றைக் கட்டியவர்கள் எத்தகைய மண்ணிலிருந்து வந்தார்கள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இன்றைய உரையில் அந்த மண்ணைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம். இயற்கை கொடுத்த நிலத்தில் நாடுகள் அமைவது உலக வழக்கம். ஆனால் நெதர்லாந்தின் கணிசமான பகுதி மனிதக் கைகளால் செய்யப்பட்டது. அதைச் செய்த கைகள் யாருடையவை, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் நாட்டின் அமைப்பைக் காண்போம். ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில், வடகடலின் ஓரத்தில் நெதர்லாந்து இருக்கிறது. கிழக்கே ஜெர்மனி, தெற்கே பெல்ஜியம். 'நெதர்லாந்து' என்ற சொல்லுக்கே 'தாழ்ந்த நிலம்' என்றுதான் பொருள். ஹாலந்து என்பது அந்நாட்டின் ஒரு பகுதி. வணிகத்தில் அப்பகுதியே ஓங்கி நின்றதால் உலகம் நாடு முழுவதையும் ஹாலந்து என்று அழைத்துப் பழகிவிட்டது. பரப்பளவில் அது நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. ஆனால் அந்தச் சிறிய இடத்தில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் மக்கள் வாழ்கின்றனர்.

நிலம் தட்டையானது. ஐரோப்பாவில் உள்ள அதன் எல்லைக்குள் மிக உயர்ந்த இடம் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரு குன்று. அதன் உயரம் ஏறக்குறைய 322 மீட்டர். நம் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் உயரத்தில் கால் பங்குகூட இல்லை. மிகத் தாழ்ந்த இடமோ கடல் மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே இருக்கிறது. அதாவது, கரைகள் இல்லாவிட்டால் அங்கே இரண்டு மாடி வீடு தண்ணீருக்குள் மறைந்துவிடும். நாட்டின் நிலத்தில் கால் பங்குக்கு மேல், 26 விழுக்காடு, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மேலும் 29 விழுக்காடு, ஆறுகள் பெருகினால் வெள்ளம் சூழக்கூடிய நிலம்.

ஆறுகளைச் சொன்னோம். சுவிட்சர்லாந்தின் பனிமலைகளில் பிறக்கும் ரைன், பிரான்சில் பிறக்கும் மாஸ், ஷெல்ட் ஆகிய மூன்று ஆறுகளும் இந்நாட்டின் வழியாகவே கடலைத் தேடிச் செல்கின்றன. ஐரோப்பாவின் பெரும்பரப்பில் பெய்யும் மழையும் உருகும் பனியும் கடைசியில் இந்தத் தாழ்ந்த நிலத்தின் வாசலில் வந்து நிற்கின்றன. ஒரு பக்கம் கடல் உள்ளே வரத் துடிக்கிறது. மறுபக்கம் ஆறுகள் வெளியே போக இடம் கேட்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மக்கள் வாழ்கிறார்கள்.

இனி, தட்பவெப்பம். நமக்கு ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன; பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அங்கே அப்படியில்லை. ஜூன் மாதத்தில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் அதிகம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜனவரியில் சராசரி வெப்பம் 3 பாகை, ஜூலையில் 18 பாகை என்ற அளவில் இருக்கும். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டமும், தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் ஈரக்காற்றும் குளிரை ஓரளவு தணிக்கின்றன. மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நம் நாட்டில் பல இடங்களில் அதைப்போல் மூன்று மடங்கு பெய்கிறது. அப்படியானால் அங்கே ஏன் தண்ணீர்ப் பிரச்சினை என்று நேயர்கள் கேட்கலாம். நம் மழை கொட்டி ஓய்கிறது. வெயில் அதை உறிஞ்சிக்கொள்கிறது. சரிவு இருப்பதால் காணிலும் ஓடையிலும் வடிந்துவிடுகிறது. அங்கே மழை தூறலாகப் பன்னிரண்டு மாதமும் பரவி விழுகிறது. குளிர்காலத்தில் அதை உலர்த்த வெயில் இல்லை. நிலம் தட்டையாகவும் தாழ்வாகவும் இருப்பதால் வடிந்து ஓட வழியும் இல்லை. விழுந்த தண்ணீரை யாரோ ஒருவர் எடுத்துக் கொட்டினால்தான் நிலம் காயும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையோரம் எப்படி இருந்தது? மேற்கே கடலை ஒட்டி மணல்மேடுகள். அவற்றின் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு. வடக்குக் கரையில் மக்கள் களிமண்ணையும் சாணத்தையும் குப்பையையும் கொட்டி மேடு எழுப்பி, அதன்மேல் குடிசை கட்டி வாழ்ந்தனர். கடல் ஏறும்போது மேடுகள் தீவுகளாகும். இறங்கும்போது மாடுகள் கீழே இறங்கி மேயும். முதலாம் நூற்றாண்டில் வடகடல் கரையைக் கண்ட ரோமானிய எழுத்தாளர் பிளினி, இப்படி மேடுகளில் வாழ்ந்த மக்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கடலால் சூழப்படும் இந்தப் பிறவிகளின் வாழ்வு அவருக்குப் பரிதாபமாகத் தோன்றியது. ஆனால் அந்த மக்கள் இடம்பெயரவில்லை. மேடுகளை இன்னும் உயர்த்தினார்கள். பிறகு மேட்டுக்கு மேடு கரை போட்டு இணைத்தார்கள்.

பெரிய மாற்றம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. உட்பகுதிச் சதுப்பில் இலையும் பாசியும் மக்கிச் சேர்ந்து, பீட் எனப்படும் மக்குமண் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருந்தது. அப்போது அந்த நிலம் கடல் மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. உழவர்கள் நேர்நேராகக் காண் வெட்டினார்கள், தண்ணீர் தானாகவே வடிந்தது, தானியம் விதைத்தார்கள். நல்ல விளைச்சல் கிடைத்தது. ஆனால் அந்த மண்ணின் குணம் வேறு. தண்ணீரில் ஊறிய பஞ்சைப் பிழிந்தால் அது சுருங்குவதுபோல், நீர் வடிந்ததும் மக்குமண் சுருங்கியது. காற்றுப் பட்டதும் அழுகிக் கரைந்தது. நிலம் ஆண்டுதோறும் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் மறுபடியும் தண்ணீர் தேங்கியது. இன்னும் ஆழமாகக் காண் வெட்டினார்கள். நிலம் இன்னும் தாழ்ந்தது.

இது நமக்குப் புரியாத கதை அல்ல. நம் நாட்டிலும் கடலோர மக்குமண்ணில் செம்பனை நட்ட தோட்டங்களில், மண் இறங்கி வேர் வெளியே தெரிய, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை அங்கு வேலை செய்தவர்கள் அறிவார்கள். நெதர்லாந்தில் அதே வேலை ஆயிரம் ஆண்டுகளாக நடந்திருக்கிறது. கடல் உயர்ந்தது ஒரு காரணம்தான். மனிதர் நிலத்தைத் தாழ்த்தியது மறு காரணம். பிழைப்புக்காக வெட்டிய காணே அவர்களைக் கடலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. உழவுக்கு உதவாதபடி நிலம் ஈரமானதும், புல் வளர்த்து மாடு மேய்த்தார்கள். பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அந்நாட்டின் பெயர்பெற்ற பொருள்களானதற்கு இந்த ஈர மண்ணும் ஒரு காரணம்.

நிலம் தாழ்ந்த பிறகு கரை இல்லாமல் வாழ முடியாது. இங்கேதான் அந்நாட்டு மக்கள் ஒரு பாடம் கற்றார்கள். ஒருவன் தன் வீட்டுக்கு வேலி போட்டால் அவன் வீடு காப்பாற்றப்படும். கரை அப்படியல்ல. பத்து மைல் கரையை நூறு பேர் கவனமாகக் காத்து, ஒருவன் மட்டும் தன் பங்கைக் கவனியாமல் விட்டால், அந்த ஓரிடத்தில் நுழையும் கடல் நூறு பேரையும் மூழ்கடிக்கும். ஆகவே நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஒவ்வோர் உழவருக்கும் கரையில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அதிகாரிகள் வந்து பார்வையிட்டார்கள். பழுதிருந்தால் தண்டம் விதித்தார்கள். தன் பங்கைக் காக்க வசதியில்லாதவன் கரையில் தன் மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவனுக்கு நிலமும் சேரும், கரையின் பொறுப்பும் சேரும். கரை காக்காதவனுக்கு நிலமில்லை என்பதே சட்டம்.

இந்தப் பொறுப்பைக் கவனிக்க நீர் வாரியங்கள் தோன்றின. ரைன்லாந்து என்ற வாரியத்துக்கு 1255ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. அரசர்கள் மாறினார்கள், சமயப் பிளவுகள் வந்தன, அந்நியர் ஆண்டார்கள். நீர் வாரியங்கள் மட்டும் நிலைத்தன. இன்றும் நாட்டில் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. அவை தனியாக வரி வசூலிக்கின்றன. தனியாகத் தேர்தல் நடத்துகின்றன. ஆனால் ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. பழைய நாள்களில் வாரியத்தில் பேசும் உரிமை நிலம் உடையவர்களுக்கே இருந்தது. கரையில் மண் சுமந்த கூலியாளுக்கு அங்கே குரல் இல்லை. வெள்ளம் வந்தபோது மட்டும் அது அவனையும் விட்டுவைக்கவில்லை.

வெள்ளம் பலமுறை வந்தது. 1287 டிசம்பரில் வந்த கடல் வடபகுதியில் ஊர் ஊராக விழுங்கி, ஸாய்டர் ஸே என்ற பெரிய உட்கடலை அகலப்படுத்தியது. 1421 நவம்பரில் தென்மேற்கே ஒரு பெரிய விளைநிலப் பகுதியை வெள்ளம் கொண்டது. அந்த இடத்தில் இன்று நாணலும் நீரோடையுமாக ஒரு சதுப்புக் காடு இருக்கிறது.

தானாக வடியாத தண்ணீரை எப்படி மேலேற்றுவது? அங்கே இலவசமாகக் கிடைத்தது காற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காற்றாலைகள் தண்ணீர் இறைக்கத் தொடங்கின. படங்களில் நாம் அழகாகக் காணும் அந்த ஆலைகள் உண்மையில் ஏற்றங்கள்தாம். ஓர் ஆலை ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் நீரை உயர்த்தும். ஆகவே மூன்று நான்கு ஆலைகளைப் படிபோல வரிசையாக நிறுத்தி, ஒன்று இறைத்ததை மற்றொன்று மேலே தள்ளும்படி செய்தார்கள். இப்படிச் சுற்றிலும் கரை போட்டு, உள்ளே இருக்கும் நீரை இறைத்துக் காயவைத்த நிலத்துக்கு 'போல்டர்' என்று பெயர்.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பீம்ஸ்டர் என்ற ஏரி இருந்தது. 1610இல் வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது புயலில் கரை உடைந்து ஏரி மீண்டும் நிரம்பியது. விடாமல் ஆலைகளைக் கூட்டி, 1612இல் ஏறக்குறைய 7,000 ஹெக்டர் நிலத்தை வெளியே கொண்டுவந்தார்கள். இதற்குப் பணம் போட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள். அவர்களில் முன்னின்ற டிர்க் வான் ஓஸ் என்பவர், 1602இல் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பினியைத் தொடங்கியவர்களில் ஒருவர். மலாக்காவைப் பிடித்ததும் அதே கும்பினிதான். மிளகும் கிராம்பும் சாதிக்காயும் தேடி நம் கடல்களுக்கு வந்தவர்களே அங்கே ஏரிகளை நிலமாக்கவும் பணம் போட்டார்கள். நெதர்லாந்தின் நிலவரலாறும் நம் வட்டாரத்தின் வரலாறும் தொடும் இடம் இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஹார்லெம்மர்மேர் என்ற ஏரி ஒவ்வொரு புயலிலும் கரையைத் தின்று பெருகியதால், மக்கள் அதை 'நீர் ஓநாய்' என்று அஞ்சினார்கள். 1836ஆம் ஆண்டுப் புயல்களில் அதன் நீர் நகரங்களின் வாசல்வரை வந்துவிட்டது. அதன்பின் அரசாங்கமே அதை வற்றவைக்க முடிவு செய்தது. ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கால்வாய் மண்வெட்டியால் வெட்டப்பட்டது. மூன்று பெரிய நீராவிப் பம்புகள் 1849 முதல் 1852 வரை இறைத்து ஏரியை வற்றவைத்தன. இன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையம் அந்த ஏரியின் அடியில்தான் இருக்கிறது.

அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் யார்? ஊர் ஊராகச் சென்று மண் வேலை செய்த கூலிக் கூட்டத்தார். வைக்கோலும் பலகையும் கொண்டு கட்டிய குடிசைகளில் கூட்டமாகத் தங்கினார்கள். காய்ந்த ஏரியில் முதலில் குடியேறியவர்களை வாந்திபேதியும் மலேரியாவும் வாட்டின. ஆம் நேயர்களே, நம் முன்னோர் காடு வெட்டித் தோட்டம் போட்டபோது அவர்களை அலைக்கழித்த அதே மலேரியாதான். குளிர்நாடான அங்கேயும் அது கரையோரச் சதுப்புகளில் நூற்றாண்டுக்கணக்கில் இருந்தது. 1970ஆம் ஆண்டில்தான் நெதர்லாந்து மலேரியா நீங்கிய நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கால்வாய் வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பம்புகளுக்குத் திட்டம் தீட்டியவர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன.

பிறகு ஸாய்டர் ஸே உட்கடலின் முறை. கொர்னேலிஸ் லேலி என்ற பொறியியலாளர் அதைக் கரை போட்டு அடைக்கத் திட்டம் தீட்டியிருந்தார். 1916 வெள்ளத்துக்குப் பிறகு, 1918இல் அதற்குச் சட்டம் நிறைவேறியது. 1932 மே மாதம் 28ஆம் நாள், ஏறக்குறைய 32 கிலோமீட்டர் நீளமுள்ள கரையின் கடைசி இடைவெளி மூடப்பட்டது. உப்புக்கடல் நன்னீர் ஏரியாயிற்று. அதற்குள் எழுந்த புதிய நிலம் 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல்; நம் பினாங்குத் தீவைப்போல் ஐந்து மடங்கு. 1986இல் அதன் ஒரு பகுதி தனி மாநிலமாகவே ஆக்கப்பட்டது. அதன் தலைநகர் லேலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்த உட்கடலில் மீன்பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் தொழிலை இழந்தன. அவர்களுக்காக அரசாங்கம் உதவிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வடக்கே இப்படிப் பாதுகாப்பு வளர்ந்தபோது, தென்மேற்கே ஆறுகள் கடலில் கலக்கும் ஸேலாந்துப் பகுதியில் பழைய கரைகள் தாழ்ந்தும் மெலிந்தும் கிடந்தன. யோகன் வான் வேன் என்ற பொறியியலாளர் அவை போதா என்று எச்சரித்தே வந்தார். போர் வந்தது, போருக்குப் பின் நாட்டைக் கட்டியெழுப்பப் பணம் தேவைப்பட்டது, கரைகள் காத்திருந்தன.

1953 ஜனவரி 31ஆம் நாள், சனிக்கிழமை இரவு. வடமேற்கிலிருந்து பெரும் புயல் வடகடலின் நீரைத் தெற்கு நோக்கித் தள்ளியது. அதே நேரத்தில் பெருவேற்றம். மாலையிலேயே வானிலை நிலையம் எச்சரித்தது. ஆனால் அந்நாளில் நள்ளிரவோடு வானொலி ஒலிபரப்பு நின்றுவிடும். கரைகள் உடைந்த அந்த நேரத்தில் வானொலிப் பெட்டிகள் மௌனமாக இருந்தன. மக்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். வானொலி வழியே பேசும் நமக்கு மறக்கக் கூடாத செய்தி இது. தொலைபேசிக் கம்பிகளும் அறுந்துபோன பிறகு, வீட்டில் பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்திருந்தவர்கள்தாம் உதவி கேட்டு வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். அதே புயலில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் 300 பேருக்கு மேல் இறந்தனர். தாழ்ந்த இடத்தில் மெல்லிய செங்கல் சுவரோடு கட்டப்பட்டிருந்த பண்ணைக் கூலிகளின் சிறு வீடுகள் அலையடித்துச் சரிந்தன. வசதியுள்ளவர்களின் உறுதியான வீடுகள் பெரும்பாலும் தாங்கி நின்றன. முதல் வெள்ளத்தில் கூரைமேல் ஏறித் தப்பியவர்கள் பலரை, மறுநாள் பிற்பகலில் வந்த இரண்டாவது ஏற்றம் கொண்டுபோயிற்று. தண்ணீர் எல்லாரிடமும் ஒரே உயரத்தில்தான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரியான சுவர் இருக்கவில்லை.

அந்த இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராட்டர்டாமுக்குக் கிழக்கே, நாட்டின் மிகத் தாழ்ந்த நிலம் இருக்கும் வட்டாரத்தில், ஆற்றங்கரை உடையத் தொடங்கியது. அது முழுதும் போயிருந்தால் முப்பது லட்சம் மக்கள் வாழும் பகுதிக்கு ஆபத்து. அப்போது ஊர்த் தலைவர் கேட்டுக்கொண்டபடி, ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி தமது சரக்குப் படகை உடைப்பின் வாயிலேயே கொண்டுபோய்ச் செருகினார். படகு கதவுபோல் அடைத்து நின்றது. பின்னர் மணல் மூட்டைகளால் உடைப்பு மூடப்பட்டது. 'இரு சகோதரர்கள்' என்பது அந்தப் படகின் பெயர்.

வெள்ளம் வந்த சில வாரங்களிலேயே, இனி இப்படி நடக்கக் கூடாது என்று டெல்டாத் திட்டம் தொடங்கியது. ஆற்று முகங்களை ஒன்றன்பின் ஒன்றாக அணை போட்டு மூடினார்கள். ஊஸ்டர்ஸ்கெல்ட என்ற பெரிய முகத்துக்கு வந்தபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். கடலை முழுதும் அடைத்தால் சிப்பியும் நத்தையும் மீனும் அழியும், எங்கள் பிழைப்புப் போகும் என்றார்கள்; இயற்கை ஆர்வலர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். பல ஆண்டு வாதத்துக்குப் பின் அரசாங்கம் திட்டத்தை மாற்றியது. 62 இரும்புக் கதவுகள் கொண்ட, மூன்று பகுதிகளாக 9 கிலோமீட்டர் நீளமுள்ள தடுப்பு கட்டப்பட்டது. சாதாரண நாளில் கதவுகள் திறந்திருக்கும், கடல் வந்து போகும். புயல் வந்தால் மட்டும் மூடும். 1986 அக்டோபர் 4ஆம் நாள் அரசி பெயாட்ரிக்ஸ் அதைத் திறந்து வைத்தார். செலவு பன்மடங்கு கூடிற்று. ஆனால் ஸாய்டர் ஸே மீனவர்களுக்குக் கிடைக்காத செவி, அரை நூற்றாண்டுக்குப் பின் இந்த மீனவர்களுக்குக் கிடைத்தது.

அதோடு கதை முடிந்ததா? முடியவில்லை. 1995இல் கடலல்ல, ஆறுகள் பெருகின. ஏறக்குறைய 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் கரையை உயர்த்திக்கொண்டே போவது மட்டும் போதாது, ஆற்றுக்கும் இடம் விட வேண்டும் என்று முடிவு செய்து, பல இடங்களில் கரையைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். அதற்காகச் சில உழவர்கள் தம் வீட்டையும் நிலத்தையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. தட்பவெப்பமும் மாறி வருகிறது. வடக்கே பிரீஸ்லாந்தில், கால்வாய்கள் உறைந்து கெட்டியானால் பதினொரு நகரங்களைச் சுற்றி ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம் நடக்கும். 1909இல் தொடங்கிய அந்த ஓட்டம் 1997க்குப் பிறகு நடக்கவில்லை. அந்த அளவுக்குப் பனி உறையவில்லை. 2019 ஜூலையில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. கடல் உயர்கிறது, மக்குமண் நிலமோ இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. காணில் தண்ணீரை உயர்த்தி வைத்தால் மண் இறங்குவது குறையும். ஆனால் ஈர நிலத்தில் மாடும் இயந்திரமும் நிற்க முடியாது என்று உழவர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய காணின் வழக்கு இன்னும் தீரவில்லை.

நேயர்களே, நெதர்லாந்தின் வரலாற்றைச் சொல்லும்போது மனிதன் கடலை வென்றான் என்று பலர் எழுதுவார்கள். அந்த மக்களைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வென்றவன் ஓய்வெடுக்கலாம், அங்கே பம்புகள் நின்றால் தாழ்நிலங்களில் தண்ணீர் மீண்டும் தேங்கத் தொடங்கிவிடும். அவர்கள் தண்ணீரோடு ஒவ்வொரு நாளும் கணக்குத் தீர்த்து வாழ்கிறார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பழமொழி. தேர் ஆண்டுக்கு ஒரு நாள். கரை ஆண்டு முழுவதும்.

ஒரு நிலத்தை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால், பணம் போட்டவரையும் திட்டம் தீட்டியவரையும் வரலாறு எளிதில் நினைவு வைத்துக்கொள்கிறது. மண்வெட்டி பிடித்தவனை நாம்தான் தேடி நினைவுகூர வேண்டும். காடு வெட்டியவர்களின் வழிவந்த நமக்கு அது தெரியாததல்ல. அடுத்த முறை மலாக்காவில் அந்தச் செந்நிறக் கட்டடத்தின் முன்னே நிற்கும்போது, அதைக் கட்டியவர்களின் சொந்த நாட்டில் இந்த நேரத்திலும் எங்கோ ஒரு கரையின் மீது ஒருவர் நடந்து, எலி வளை இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.